ஐந்து பேர் புகார் கொடுத்த சம்பந்தி

ஹவ், நக்கோ என்று இரண்டே வார்த்தைகளில் எங்கள் எல்லோரையும் கட்டி மேய்த்த மங்களா அக்காவுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆவணியில் முகூர்த்தம். மாப்பிள்ளை பெயர் அரவிந்த். ஹப்சிகுடாவில் வீடு, கை நிறையச் சம்பளம், வாய் நிறையச் சிரிப்பு. உன் பெண் தானே பார்த்துப் பிடித்த பையன். ஆனால் இந்தச் சம்பந்தம் கைநழுவிப் போக இருந்தது அக்கா. போக வைக்கப் பார்த்தது வேறு யாருமில்லை, உன் அருமை ஓரகத்தி நான்தான். வேறு யாராவது அங்கே வந்து கண், காது, மூக்கு வைத்து உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நீ போனதிலிருந்து வீட்டில் எது குறைகிறது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். இவர் உன் ரசத்தைச் சொல்வார். எனக்குக் குறைவது உன் தீர்ப்பு. யாருக்குச் சந்தேகமான மெசேஜ் வந்தாலும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உனக்குத்தானே அனுப்புவோம்? பார்சல் வழியில் நிற்கிறது, இந்த லிங்க்கைத் தொடு. சிம் கார்டு முடங்கப் போகிறது, உடனே விவரம் கொடு. நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பாய், ஒரே வார்த்தை எழுதுவாய். நக்கோ. வேண்டாம் என்பதற்கு நம் செகந்திராபாத் பக்கத்துக்காரர்கள் கண்டுபிடித்த வார்த்தை. அத்தி பூத்தாற்போல் ஏதாவது உண்மையான மெசேஜ் வந்தால், ஹவ். ஆமாம், நம்பலாம் என்று அர்த்தம். மௌலா அலி ரயில்வே காலனியில் பிறந்த உனக்கு இரண்டும் தாய்ப்பாலோடு வந்தவை. கோவில்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்த எனக்கு உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டவை.

அன்றைக்கு ஒரு மெசேஜ் வந்ததே, மின்சாரக் கட்டணம் பதிவாகவில்லை, இன்று மாலை இணைப்பைத் துண்டிப்போம் என்று? உன் வீட்டுக்காரர் வெலவெலத்துப் போனார். நீ ஒரு மெழுகுவத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, வெட்டட்டும் பார்க்கலாம் என்று வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாய். சொல்லிவைத்த மாதிரி கரண்ட் போனது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. தெருவே இருட்டாக இருப்பதை ஜன்னல் வழியாகக் காட்டி, தெருவுக்கே மெசேஜ் அனுப்பியிருக்கிறானா என்று கேட்டாயே, அதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

நீ நக்கோ என்று எழுதிவிட்டால் எல்லோரும் அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டு, போன் கம்பெனிக்குப் புகாரும் அனுப்ப வேண்டும். அது உன் சட்டம். நாம் மட்டும் தப்பித்தால் போதாது, அடுத்த வீட்டுக்காரனும் தப்பிக்க வேண்டாமா என்பாய். அந்தச் சட்டத்தை நீ போன பிறகும் விடவில்லை. தீர்ப்புச் சொல்கிற உன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை, காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அதுதான் நடந்தது. நான் வந்த பிறகு எல்லாமே நக்கோ. ஒரு ஹவ் கிடையாது. பல் டாக்டரிடமிருந்து வந்த நினைவூட்டலுக்குக்கூட நக்கோ சொல்லி, இவருக்குக் கன்னம் வீங்கியதுதான் மிச்சம்.

இனி நித்யா கதைக்கு வருகிறேன். செகந்திராபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் ஒரு பையன் இரண்டாம் தடவை பாயசம் கேட்டான். தீர்ந்துபோய்விட்டது என்றார்கள். அவன் முகம் போன போக்கைப் பார்த்து உன் பெண் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நீ போனதிலிருந்து அப்படி அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னாள்.

"சித்தி, பேரு கூடத் தெரியாது. ஆனா ஒரு கரண்டி பாயசத்துக்கு இவ்ளோ ஃபீல் பண்றவன் நல்லவனாத்தான் இருப்பான்."

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? விமலாவைப் பிடித்தேன். நம் பக்கத்து வீட்டு விமலாதான். அவளுக்குத் தெரியாத தமிழ்க் குடும்பம் இந்த ஊரில் உண்டா? ஒரு நாளில் துப்புக் கிடைத்தது. ஹப்சிகுடா பிரேமா அம்மாவின் மகன். பிரேமா அம்மா பிறந்ததும் வளர்ந்ததும் செகந்திராபாத். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ் பேசுவார், எழுத வராது. நித்யாவின் ஜாதகத்தையும் பயோடேட்டாவையும் விமலாவிடம் கொடுத்தனுப்பினோம். ஜாதகம் பார்த்துவிட்டு அவரே தொடர்பு கொள்வார் என்று சொல்லிவிட்டு, விமலா புனேயில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

உன் வீட்டுக்காரருக்கு ஒரே கவலை. தாயார் தவறி ஒரு வருஷத்துக்குள் பெண் கல்யாணத்தை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும் என்று நம் குடும்பத்துப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நீ போனது ஐப்பசி, அப்போது ஆனி நடந்துகொண்டிருந்தது. இடையில் ஆடி, புரட்டாசி இரண்டையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஆவணிதான். அதற்கு ஆடி பிறப்பதற்குள் பேச்சை முடித்தாக வேண்டும். ஆடி பிறக்க இருந்தது ஒரு சனிக்கிழமை.

அதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு புதன்கிழமை காலையில்தான் அந்த மெசேஜ் வந்தது. இங்கிலீஷில் வந்தது, நம் பாஷையில் சொன்னால் இப்படி: அன்புடையீர், தங்கள் விவரங்கள் பரிசீலிக்கப்பட்டுத் தேர்வு செய்யப்பட்டுள்ளன. கீழே உள்ள லிங்க்கைத் திறந்து பார்த்து, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்யவும். தவறினால் இந்த வாய்ப்பு ரத்தாகும்.

பெயர் இல்லை, ஊர் இல்லை. நீயே சொல் அக்கா, நீயாக இருந்தால் என்ன எழுதியிருப்பாய்? அதிலும் ஒரே நிமிஷத்தில் ஐந்து போன்கள் அலறின. உன் வீட்டுக்காரர் போன், இவர் போன், என் போன், என் மகன் கார்த்திக் போன், மல்காஜ்கிரியில் உன் தம்பி பாஸ்கர் போன். நித்யாவுக்கு மட்டும் வரவில்லை. குழுவில் ஒரே கூச்சல். நம் ஐந்து பேர் நம்பரும் அந்தத் திருடனுக்கு எப்படிக் கிடைத்தது என்று பாஸ்கர் பதறினான். எங்கள் ஐந்து பேர் நம்பரும் சேர்ந்து ஒரே ஒரு காகிதத்தில்தான் இருக்கிறது, அது நித்யாவின் பயோடேட்டா என்பது அந்த நிமிஷம் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. உன் வீட்டுக்காரர் போனை எடுக்க மாட்டார், இவருக்குக் காது மந்தம், என் போனில் சார்ஜ் இருக்காது என்று காரணம் சொல்லிச் சொல்லி எல்லோர் நம்பரையும் அதில் போட்டதே நான்தான். பெண்ணின் நம்பரைப் போடுவது மரியாதையில்லை என்று அதை மட்டும் விட்டிருந்தேன்.

நக்கோ என்று எழுதினேன். ஐந்து பேரும் பிளாக் செய்தோம், ஐந்து பேரும் புகார் அனுப்பினோம். சாதித்துவிட்ட திருப்தியில் இன்னொரு காபி வேறு போட்டுக் குடித்தேன்.

பிறகு காத்திருந்தோம். ஹப்சிகுடாவிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. நித்யா ஒன்றும் கேட்கவில்லை. ஆபீஸிலிருந்து வந்ததும் என் முகத்தைப் பார்ப்பாள், நான் இல்லையென்று தலையாட்டுவேன், அவள் கை கழுவப் போய்விடுவாள். எனக்கு அவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே, அதற்கென்ன இவ்வளவு பிகு என்று இவரிடம் பொரிந்து தள்ளினேன்.

அடுத்த புதன்கிழமை விமலா புனேயிலிருந்து கூப்பிட்டாள். குரலே சரியில்லை. பிரேமா அம்மா மகன் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டாராம், மெசேஜ் அனுப்பி ஒரு வாரம் ஆகிறதாம், எங்களிடமிருந்து பதிலே இல்லையாம், அதோடு அவர் போனிலிருந்து யாரையும் கூப்பிடவும் முடியவில்லை, மெசேஜும் போகவில்லை, கம்பெனியே நிறுத்தி வைத்துவிட்டதாம். அவர் நம்பரைச் சொல் என்றேன். சொன்னாள். பிளாக் செய்த பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதே நம்பர் அக்கா. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது நான்தான்.

உடனே இவரை ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லி ஹப்சிகுடாவுக்கு ஓடினேன். அங்கே போனதும் வண்டிக்குக் காவல் என்று இவர் கீழேயே நின்றுகொண்டார். நான் பூவும் பழமுமாக மாடி ஏறி, அசடு வழிய நின்று, ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். பிரேமா அம்மா ஆச்சரியப்படவே இல்லை.

"அஞ்சு பேருக்கு அனுப்பினேன். அஞ்சு பேர் கம்ப்ளைன்ட் குடுத்திருக்காங்கன்னு கம்பெனிக்காரன் சொன்னான். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாதாம்மா? பொண்ணு குடுக்க இஷ்டமில்லேன்னா இல்லேன்னு சொல்றவங்களைப் பாத்திருக்கேன். கம்ப்ளைன்ட் குடுத்த வீட்டை இப்பத்தான் பாக்கறேன்."

உள்ளே யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவது கேட்டது. அந்தப் பையன்தான். அம்மா ஒரு அதட்டல் போட்டதும் இருமல் நின்றது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துக்கு சர்க்குலர் அடித்த கை, அப்படித்தான் எழுத வரும் என்றார். கடைசியில் பெயரைப் போடுவதற்குள் விரல் தவறி முதல் மெசேஜ் கிளம்பிவிட்டதாம். அரவிந்தின் அம்மா பிரேமா என்று இரண்டாவது மெசேஜ் அனுப்பியிருக்கிறார். அதற்குள் நாங்கள் கதவைச் சாத்திவிட்டோம். அந்த லிங்க்கில் இருந்தது பையனின் ஜாதகமும் போட்டோவும்.

நேரிலேயே பேசி முடித்துவிடலாமே என்று மெதுவாகக் கேட்டேன். முடியாது என்றார். நான் கேட்ட கேள்விக்கு ஐந்து பேருமாகத் திருட்டுப் பட்டம் கட்டிவிட்டீர்கள், அந்தப் பட்டத்தைக் கழற்றுங்கள், அதே நம்பரிலிருந்து அதே கேள்வியை மறுபடி அனுப்புவேன், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வந்தால் ஆயிற்று என்றார். ரோஷக்காரி. எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று.

வியாழக்கிழமை காலையில் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். நீ செய்வது போலவே ஸ்பீக்கரில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவர்கள் எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள் என்பதை நீ சமையலில்தானே சொல்வாய்? இன்றைக்கு ஒரு ரசம், இன்றைக்கு ஒரு சாம்பார் என்று? அன்றைக்கு எனக்கு முழுப் புளிக்காய்ச்சல் ஆயிற்று. தெலுங்குக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு, இங்கிலீஷுக்கு மூன்று. ஒன்றை அழுத்தினேன். புது பிளான் வேண்டுமா, பாட்டு வேண்டுமா என்று கேட்டார்களே தவிர, தப்பாகப் புகார் கொடுத்துவிட்டேன் என்பதற்கு ஒரு எண்ணும் இல்லை. நடுவே ஒரு தடவை தொடர்பு அறுந்தது. போனை விட்டெறியத்தான் தோன்றியது. நீ எறிய மாட்டாய் என்று நினைத்து மறுபடி ஒன்றை அழுத்தினேன்.

கடைசியில் ஒரு பெண் கிடைத்தாள். சின்னக் குரல். கொடுத்த புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். எல்லோரும் புகார் கொடுக்கத்தான் கூப்பிடுவார்கள், அவளுக்குக் குழப்பம். அவர் மோசடிக்காரர் இல்லை அம்மா, என் சம்பந்தி ஆக வேண்டியவர் என்றேன். பிறகு, பக்கத்து சீட்டுக்காரியிடம் அவள் அதைச் சொல்வது கேட்டது, இரண்டு பேர் சிரிப்பதும் கேட்டது. போனில் ரத்து செய்ய வழியில்லையாம். நம்பருக்குச் சொந்தக்காரர் ஆதார் கார்டோடு நேரில் போக வேண்டும், புகார் கொடுத்தவர்களும் கூடப் போய்த் தவறு நடந்துவிட்டது என்று சொன்னால் சீக்கிரம் முடியும் என்றாள். வைப்பதற்கு முன், சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டேன். நீ அவர்களை அப்படிக் கேட்கும்போதெல்லாம் நான் உன்னைக் கேலி செய்திருக்கிறேன். இன்னும் இல்லை மேடம் என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "பெள்ளிக்கி பிலவண்டி மேடம்" என்றாள். கல்யாணத்துக்குக் கூப்பிடச் சொல்கிறாள். அவள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேனே என்று இன்றுவரை வருத்தம்.

வெள்ளிக்கிழமை அமீர்பேட்டில் அந்தக் கம்பெனியின் கடை. மெட்ரோவிலிருந்து இறங்கும் கூட்டத்தையும் கோச்சிங் பிள்ளைகளையும் பிளந்துகொண்டு போய்ச் சேர்ந்தோம். பிரேமா அம்மா பட்டுப் புடவையில் வந்திருந்தார், துணைக்கு மகன். நாங்கள் ஐந்து பேர். நித்யா ஆபீஸிலிருந்து நேராக வந்து சேர்ந்தாள். டோக்கன் வாங்கிக்கொண்டு இரண்டு கட்சியும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். சொஜ்ஜி, பஜ்ஜி இல்லாமல் ஒரு பெண் பார்க்கும் படலம் நடந்தது என்றால் அது இதுதான்.

எங்கள் முறை வந்தது. மேனேஜர் சின்னப் பையன். புகார் கொடுத்தது யார் என்று கேட்டான். ஐந்து கைகள் உயர்ந்தன. யார் மேல் என்றான். பிரேமா அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். அவன் எங்களையும் பார்த்தான், பட்டுப் புடவையையும் பார்த்தான். இவரை உங்களுக்கு முன்பே தெரியுமா என்றான். தெரியாது என்று பாஸ்கர் உண்மையைச் சொல்லித் தொலைத்தான். தெரியாதவர் அனுப்பியது மோசடி இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று அவன் கேட்டான்.

அப்போது உன் வீட்டுக்காரர் எழுந்தார். நீ போனதிலிருந்து சாப்பாடு போதும் என்பதற்குக்கூடக் கையைத்தான் காட்டுவார். அந்த மனுஷர் கவுண்டர் வரைக்கும் நடந்துபோய்ப் பேசினார்.

"இவங்க என் பொண்ணுக்கு மாமியாரா வரப்போறவங்க சார். நல்ல மனுஷி. எங்க வீட்ல ஒரு ஆள் இருந்திருந்தா ஒரு பார்வையில கண்டுபிடிச்சிருப்பா. அவ இல்ல, அதனால வந்த தப்பு."

தமிழில்தான் சொன்னார். அந்தத் தெலுங்குப் பையனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் ஆதார் கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தான். பிரேமா அம்மா என் பக்கம் திரும்பி, யாரைச் சொல்கிறார் என்று கேட்டார். எங்க அக்கா என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் கடையென்றும் பாராமல் அழுதேன். தண்ணீர் மெஷின் பக்கத்தில் நித்யாவும் அரவிந்தும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று டோக்கன் கூப்பிடுகிற சத்தத்தில் கேட்கவில்லை. வீட்டில் வந்து கேட்டேன். அன்னைக்குப் பாயசம் கடைசியில கிடைச்சுதா என்று கேட்டாளாம். கிடைக்கவே இல்லையாம், பாவம்.

சாயங்காலத்துக்குள் போன் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தும் ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் ஆடி. பிளாக்கை எடுத்துவிட்டு ஐந்து போன்களையும் மேஜை மேல் வரிசையாக வைத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தோம், பாஸ்கர்கூட மல்காஜ்கிரிக்குப் போகவில்லை. நீ பார்த்திருந்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றிருப்பாய். விளக்கேற்றிவிட்டு நான் திரும்பும்போது ஐந்தும் ஒன்றாக அலறின.

அன்புடையீர், தங்கள் விவரங்கள் பரிசீலிக்கப்பட்டுத் தேர்வு செய்யப்பட்டுள்ளன. கெடுவைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை. அதே லிங்க், அதே மிரட்டல். இன்று இரவுக்குள் உறுதி செய்யத் தவறினால் வாய்ப்பு ரத்தாகும். கீழே மட்டும், இப்படிக்கு அரவிந்தின் அம்மா பிரேமா.

பழக்கதோஷத்தில் கார்த்திக் அதை அப்படியே குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தத் தடவை கடைசி வரிவரை படித்தேன். விரலை வைக்கப் போனேன். அதற்குள் பதில் வந்து விழுந்தது. உள்ளறையில் தனியாக உட்கார்ந்திருந்த உன் பெண் எழுதியிருந்தாள்.

ஹவ்.

நீ எழுதுகிற மாதிரியே, ஒரே வார்த்தை, பக்கத்தில் ஒரு புள்ளி. உன் வீட்டுக்காரர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, அப்படியே அவங்களுக்கும் அனுப்பு என்றார். அனுப்பினேன். பிரேமா அம்மாவும் செகந்திராபாத்காரர்தானே, அர்த்தம் கேட்கவில்லை. நன்றி, தங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது என்று சர்க்குலர் வந்தது. சிரித்தோம், அழுதோம், புளிக்காய்ச்சல் மிச்சம் இருந்ததைச் சாதத்தில் பிசைந்து எல்லோரும் சாப்பிட்டோம்.

உன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன் அக்கா. அது உன் பெண்ணுக்குத்தான் பொருந்துகிறது. ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். கல்யாணப் பந்தியில் பாயசம் தீராது, கரண்டியோடு நானே நிற்பேன். மாப்பிள்ளை எத்தனை தடவை கேட்டாலும் என் வாயிலிருந்து நக்கோ வராது.

உன் ஓரகத்தி, நித்யாவின் சித்தி, பிரேமா அம்மாவின் புதுச் சம்பந்தி,
வசந்தி
மௌலா அலி